வைத்தியர் வீட்டு வயல்

கும்பகோணத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகப் போவார்கள். சுவாமி தரிசனம் செய்வார்கள், பித்தளைப் பாத்திரம் வாங்குவார்கள், ஒரு டம்ளர் காப்பி அருந்திவிட்டு, "இந்த மாதிரிக் காப்பி வேறு எங்கே கிடைக்கும்?" என்று பெருமூச்சு விட்டபடி ரயிலேறுவார்கள். சென்ற தை மாதம் நாங்கள் போனது இவற்றில் எதற்காகவும் அல்ல. எங்கள் நிலத்தை விற்பதற்காகப் போயிருந்தோம்.

நிலம் என்றால் வாசகர்கள் வேலிக்கணக்கில் எண்ணிவிட வேண்டாம். ஊருக்கு வெளியே ஆறு மா நஞ்சை, அதன் ஓரத்தில் ஒரு குட்டை, குட்டைக் கரையில் இரண்டு இலுப்பை மரங்கள், அவ்வளவுதான் சொத்து. பாட்டனார் வாங்கியது, தகப்பனார் குத்தகைக்கு விட்டது, பட்டணத்தில் குடியேறிவிட்ட நாங்கள் ஏறக்குறைய மறந்தே போனது. மனை வியாபாரம் செய்யும் ஒருவர் தேடி வந்து, நாங்கள் கனவிலும் நினைத்திராத விலையைச் சொன்னார். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. குட்டையைத் தூர்த்து, நிலத்தோடு நிலமாகச் சமன் செய்து கொடுக்க வேண்டும்.

பத்திரம் எழுதப் போன இடத்தில் ஏதோ ஒரு காகிதம் குறைந்தது. அது வந்து சேர எட்டு நாளாகும் என்றார்கள். அந்த எட்டு நாட்களில் நாங்கள் செய்த பிரயாணத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

அன்று மாலை மகாமகக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். இருட்டியதும் கொசுக்கள் வந்து சூழ்ந்துகொண்டன. எங்களுடன் வந்திருந்த மூத்த தமக்கையார் நாற்பது வருஷ காலம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலில் பளாரென்று ஓர் அடி அடித்துக்கொண்டு, "இந்த ஊர்க் கொசுவோடு யுத்தம் செய்து ஜெயித்த டாக்டர் ஒருவர் இருந்தார், தம்பி. உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லலானார்.

கும்பகோணம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு யானைக்கால் நினைவுக்கு வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. நூல் போன்ற ஒரு புழு மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைக் கெடுத்துவிடும். வருஷங்கள் செல்லச் செல்லக் கால் வீங்கிப் பருத்துத் தோல் தடித்துவிடும். ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு அந்தப் புழுவைக் கொண்டு சேர்ப்பது கொசு. 1877-ம் வருஷத்தில் சீன தேசத்தில் வேலை பார்த்துவந்த பாட்ரிக் மான்ஸன் என்ற வைத்தியர், கொசுவின் உடலுக்குள் இந்தப் புழு வளர்வதைக் கண்டுபிடித்தார். அப்படியிருந்தும் புழுவைக் கொல்லும் டை எத்தில் கார்பமஸீன் என்ற மருந்து 1947-ம் வருஷத்தில்தான் வைத்தியர்கள் கைக்கு வந்தது. அதற்கு முன்னால், வீங்கிய காலோடு வந்து நின்ற நோயாளிக்கு வைத்தியர் செய்யக் கூடியது வெகு சொற்பம்.

டாக்டர் எம். கே. சாம்பசிவன் அந்நாளில் கும்பகோணத்தில் ரண சிகிச்சை நிபுணராக இருந்தார். மகாத்மா காந்தியின் வழியில் நின்றவர். சுதேசி இயக்கத்தின்போது அந்நியத் துணிகளைத் தீயிலிடுவதில் முன்னின்றார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவுகள் திறக்க வேண்டுமென்று பாடுபட்டார். யானைக்கால் விஷயத்தில் அவர் நோயாளியின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடவில்லை. அந்தக் கால் நடந்துவந்த தெருவைப் பார்த்தார். சாக்கடையில் தேங்கிய நீரிலும் பள்ளங்களில் நின்ற அழுக்கு நீரிலும் அல்லவா கொசு முட்டையிடுகிறது? ஊர் ஜனங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் திரட்டிக்கொண்டு, கொசு உற்பத்தியாகும் இடங்களைத் தேடித் தேடி ஒழித்தார். சர்க்கார் வந்து செய்யட்டும் என்று காத்திராமல், தங்கள் ஊர் நோய்க்குத் தாங்களே மருந்தாக முடியும் என்பதை ஜனங்களுக்கு அவர் காட்டிக் கொடுத்தார்.

"அப்படியானால் அக்கா, நம் குட்டையைத் தூர்ப்பதும் நல்ல காரியந்தானே? அதிலும் தண்ணீர் தேங்கித்தானே நிற்கிறது?" என்று கேட்டோம். பச்சை நிறமாகப் பாசி படர்ந்து கிடந்த அந்தக் குட்டையை அன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

தமக்கையார் உடனே பதில் சொல்லவில்லை. "அந்த டாக்டருடைய பூர்வீகம் எந்த ஊர் என்று பார்த்துவிட்டு வருவோம். அதற்கு அப்புறம் பேசலாம்" என்றார். ஆலப்புழையில் அவருடைய பழைய சிநேகிதி ஒருவர் இருந்தார். வெகு நாட்களாகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாராம். மறுநாள் தஞ்சாவூருக்குச் சென்று ரயிலேறினோம்.

ரயிலில் மற்றக் கதையையும் கேட்டோம். அந்த டாக்டரின் இரண்டாவது புதல்வர் 1925-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி கும்பகோணத்தில் பிறந்தார். பையனுக்குப் பதினோரு வயதாகும்போது தகப்பனார் காலமானார். வளர்த்து ஆளாக்கிய சிற்றப்பாவும் ஒரு வைத்தியரே, எக்ஸ்-ரே நிபுணர். பையனும் வைத்தியத்துக்குப் படித்துத் தகப்பனாரின் ஆஸ்பத்திரியை நடத்த வேண்டுமென்று குடும்பத்தார் எண்ணியதில் ஆச்சரியம் என்ன? அதற்கு ஆயத்தமாகத் திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். அப்போது வந்தது 1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சம். பட்டினியாலும் பட்டினியைத் தொடர்ந்த நோயாலும் முப்பது லட்சம் பேர் வரை மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கொடுமையைக் கேள்வியுற்ற இளைஞர், வைத்தியக் கல்லூரிக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டுக் கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். அவரே எம். எஸ். சுவாமிநாதன். பிற்காலத்தில் தேசம் முழுவதும் அறிந்த விவசாய விஞ்ஞானி. அவர் பெயரின் முன்னால் நிற்கும் முதல் எழுத்து அவர்களுடைய பூர்வீக கிராமத்தின் பெயர். மங்கொம்பு என்பது அது.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்ததும் பூமியின் நிறமே மாறிவிடுகிறது. ஆலப்புழையில் இறங்கி, சிநேகிதியின் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் சர்க்கார் படகில் ஏறினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிக் கூடைக்காரிகள், குடையும் பையுமாக உத்தியோகஸ்தர்கள் என்று பட்டணத்து பஸ்ஸில் ஏறும் அத்தனை பேரும் அந்தப் படகில் ஏறினார்கள். நாம் தெருவில் நடப்பது போல அந்த நாட்டார் தண்ணீரில் நடக்கிறார்கள்.

அந்த நாட்டின் பெயர் குட்டநாடு. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய பெயரல்ல. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்ததாகச் சொல்லும் பன்னிரண்டு நாடுகளில் இதுவும் ஒன்று. சேர மன்னர்கள் குட்டுவன் என்று பெயர் தரித்ததும் இதை ஒட்டியே. குட்டம் என்றால் ஆழம். பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதைக் கண்ணால் கண்டோம். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்ற நான்கு ஆறுகள் மலையிலிருந்து இறங்கி வந்து வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. அவை கொண்டுவந்து சேர்த்த வண்டலில், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டருக்கு மேலும் தாழ்ந்த பள்ளத்தில், நெல் விளைகிறது!

படகில் நாங்கள் உட்கார்ந்திருந்த பலகை உயரத்தில் இருந்தது; வரப்புக்கு அப்பால் வயல் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது. தண்ணீர் மேலே, பயிர் கீழே. தஞ்சை ஜில்லாவில் மேட்டிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்தத் தலைகீழ்க் காட்சியைக் கண்டு சற்று நேரம் பேச்சு எழவில்லை.

மங்கொம்பில் இறங்கி, பகவதி கோயில் பக்கமாக நடந்து, ஒரு வரப்பின்மீது போய் நின்றோம். தை மாதமாகையால் புஞ்சைப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. அங்கே புஞ்சை என்று சொல்வது இந்தப் பள்ளத்து நெல்லைத்தான். மழைக்காலம் முழுவதும் வயல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வரப்பைச் செப்பனிட்டு, உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியே இறைத்து ஆற்றில் விடுவார்கள். பிறகுதான் விதைப்பு, மாசி, பங்குனியில் அறுவடை. நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் இறைப்பார்கள். இங்கே வயலிலிருந்து தண்ணீர் இறைக்கிறார்கள்.

வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு முதிய விவசாயி எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் பேசிய மலையாளத்தில் பாதி எங்களுக்கு விளங்கிற்று. மீதியைச் சிநேகிதி விளக்கினார். முற்காலத்தில் மரச் சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, இரவும் பகலும் காலால் மிதித்து நீர் இறைத்தார்களாம். பிறகு 'பெட்டியும் பறையும்' என்று சொல்லும் மர இறைப்பான் வந்தது. முன்னே நீராவியாலும் எண்ணெயாலும் ஓடிய அது இப்போது மின்சாரத்தால் ஓடுகிறது. வரப்புப் போடுவதற்குக் காயலின் அடியிலிருந்து சேறு வேண்டும். மூச்சைப் பிடித்து மூழ்கி அந்தச் சேற்றைக் கூடை கூடையாக எடுத்து வந்தவர்கள், கோயில் வாசலுக்கே வரக் கூடாதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஏழைத் தொழிலாளர்கள். "நிலம் இங்கே கடவுள் கொடுத்தது இல்லை. ஆட்கள் கொடுத்தது" என்று முதியவர் சொன்னபோது, கும்பகோணத்தில் கோயில் கதவுக்காகப் பாடுபட்ட டாக்டரை நினைத்துக்கொண்டோம்.

சாம்பசிவனுடைய முன்னோர் ஒருவர் தஞ்சைச் சீமையிலிருந்து இந்தப் பக்கம் வந்ததாகவும், அம்பலப்புழை மன்னர் அவருக்கு இங்கே நிலம் அளித்ததாகவும் அந்தக் குடும்பத்தார் சொல்லும் பழைய வரலாறு உண்டு. நெல்லும் தென்னையும் மாவும் பயிரிட்ட குடும்பம். விளைந்த வருஷம் விலை இல்லை. விலை வந்த வருஷம் விளைச்சல் இல்லை. இப்படித் திண்டாடிய வீட்டுப் பேச்சுக்களைக் கேட்டே பையன் வளர்ந்தான்.

இந்த வயல்களுக்கு 2013-ம் வருஷம் ஒரு கௌரவம் கிடைத்தது. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் கடல் மட்டத்துக்குக் கீழான குட்டநாட்டு விவசாயத்தை உலகத்தின் விவசாயப் பரம்பரைச் செல்வங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. ஆனால் கௌரவத்துக்கு உரியவர் சுகமாகவும் இருக்க வேண்டுமே! வேம்பநாட்டுக் காயலின் குறுகலான ஓர் இடத்தில், கடலின் உப்புநீர் வயலுக்குள் ஏறாமல் தடுக்க, 1976-ம் வருஷம் தண்ணீர்முக்கம் என்ற ஊரில் தடுப்பணை வேலைக்கு வந்தது. மார்கழி முதல் பங்குனி வரையில் அதன் கதவுகளை மூடி வைப்பார்கள். பயிர் பிழைத்தது. ஆனால் வருஷந்தோறும் காயலுக்குள் வந்து அழுக்கையும் களையையும் போக்கிக்கொண்டிருந்த உப்புநீர் நின்றுபோயிற்று. ஆகாயத் தாமரை வாய்க்கால்களை மூடிற்று. கடலுக்கும் காயலுக்கும் போய்வந்து இனப் பெருக்கம் செய்த மீனும் இறாலும் குறைந்தன. வயலில் தெளித்த பூச்சி மருந்து வெளியேற வழியின்றித் தங்கிற்று. போதாததற்கு, 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாத வெள்ளத்தில் குட்டநாடு முழுவதுமே மூழ்கி, ஜனங்கள் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போக நேர்ந்தது.

சுவாமிநாதன் தம் பூர்வீக நாட்டை மறந்துவிடவில்லை. அவர் 1988-ம் வருஷம் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனம் குட்டநாட்டின் நோயைப் பரிசோதித்து 2007-ம் வருஷம் ஓர் அறிக்கை தந்தது. வரப்புகளைப் பலப்படுத்தவும், வெள்ளம் வடிய வழிவிடவும், பயிர்க் காலத்தை ஒழுங்கு செய்யவும் அது யோசனை கூறிற்று. மத்திய சர்க்கார் 1,840 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்குச் சம்மதித்தது. "காகிதத்தில் எழுதிய மருந்தில் பாதி நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை" என்று வரப்புப் பெரியவர் சிரித்தார். மருந்துச் சீட்டு எழுதுவது வேறு, நோயாளி மருந்தைச் சாப்பிட்டானா என்று பார்ப்பது வேறு. நர்ஸாக இருந்த தமக்கையாருக்கு இது நன்றாக விளங்கிற்று.

அன்று இரவு சிநேகிதியின் வீட்டுத் திண்ணையில் இதே பேச்சாக இருந்தது. எங்களில் ஒருவர், "அவர் கொண்டுவந்த பசுமைப் புரட்சியினால்தானே மண் கெட்டது என்கிறார்கள்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

1960-களில் தேசம் கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்து உயிர் வாழ்ந்தது. மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் உண்டாக்கிய குட்டை ரகக் கோதுமையைச் சுவாமிநாதனும் அவர் சகாக்களும் நம் நிலத்துக்கு ஏற்றபடி பக்குவப்படுத்தினார்கள். 1964-65-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-ல் சுமார் 1 கோடியே 65 லட்சம் டன்னாயிற்று. பட்டினி மரணம் தேசத்தை விட்டு விலக இது வழி செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. இரசாயன உரத்தினாலும் பூச்சி மருந்தினாலும் மண்ணின் உயிர் குன்றிற்று, நாட்டு விதைகள் மறைந்தன, பாஞ்சாலத்தில் நிலத்தடி நீர் அதல பாதாளத்துக்குப் போயிற்று என்பனவும் மறுப்பதற்கில்லை. தஞ்சை ஜில்லாவில் பிறந்த நம்மாழ்வார் (1938-2013) போன்றவர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்து, ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயத்தைப் போதித்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த அமோக விளைச்சல் வீடு வந்துசேரும் முன்பே, 1968-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், காசியில் கூடிய விஞ்ஞான மகாநாட்டில் சுவாமிநாதன் எச்சரிக்கை செய்தார். மண்ணின் வளத்தைக் காக்காமல் ஓயாது பயிரிட்டால் நிலம் பாலைவனமாகும். வடிகால் இல்லாமல் பாசனம் செய்தால் உப்புப் பூக்கும். கண்மூடித்தனமாகப் பூச்சி மருந்து தெளித்தால் உண்ணும் உணவில் விஷம் ஏறும். நிலத்தடி நீரைக் கணக்கின்றி இறைத்தால் வற்றிப்போகும். பல நாட்டு ரகங்களின் இடத்தில் ஓரிரண்டு ரகங்களையே விதைத்தால், ஒரே நோய் அத்தனையையும் அழித்துவிடும். இதுதான் அவர் சொன்னதன் சாரம். வீரியமுள்ள மருந்தைக் கொடுக்கும் வைத்தியர், அதனால் வரக் கூடிய கெடுதலையும் கூடவே சொல்லிவைத்தது போல இருந்தது இது. ஜனங்களும் சர்க்காரும் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், பத்தியத்தைக் கேட்கவில்லை. அவர் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டுமென்று குறை கூறுகிறவர்களும் உண்டு. அவர் தம் பிற்காலத்தைப் பெரும்பாலும் அந்தப் பத்தியத்தை எடுத்துச் சொல்வதிலேயே கழித்தார். மண்ணுக்குக் கேடின்றி விளைச்சல் பெருகுவதை என்றும் பசுமையான புரட்சி என்று அழைத்தார். 1987-ம் வருஷம் உலக உணவுப் பரிசு முதன் முதலாக அவருக்கே கிடைத்தது; அந்தப் பணத்தைக் கொண்டுதான் சென்னை ஸ்தாபனத்தைத் தொடங்கினார்.

மங்கொம்பிலிருந்து திரும்பியபோது எட்டு நாட்களில் இன்னும் மூன்று பாக்கி இருந்தன. "நோயாளியைப் பார்த்தாயிற்று. பிழைத்து எழுந்த நோயாளி ஒருவரையும் பார்க்க வேண்டாமா?" என்று தமக்கையார் எங்களைச் சிதம்பரத்துக்கு இழுத்துச் சென்றார். வழியில் ஆடுதுறை ஸ்டேஷன் வந்தது. 1922-ம் வருஷம் முதல் நெல் ஆராய்ச்சி நடந்துவரும் ஊர். வண்டியிலிருந்து பார்க்கையில் அறுவடையான தாளடி வயல்களுக்கு நடுவே, வர்ணக் கற்கள் நட்ட மனைகள் புதிது புதிதாகத் தென்பட்டன. அவற்றைப் பார்க்கும்போது ஏனோ எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டைச் சேர்ந்ததே. படகுக்காரர் துடுப்புப் போட, கிளைகள் கூரையாகக் கவிந்த ஓடைகளின் வழியே சென்றோம். மரங்களின் வேர்கள் மேலிருந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நின்றன. வேருக்கடியில் நண்டுகள் ஓடின. கிளையில் கொக்குகள் இருந்தன.

ஓரிடத்தில் படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "ஐயா, இந்த இடம் எங்கள் தகப்பனார் காலத்தில் மொட்டையாகக் கிடந்தது" என்றார்.

அவர் சொன்னதையும் நாங்கள் முன்பே படித்திருந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பல வருஷங்கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக, முறை வைத்து, அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்று எண்ணினார்கள். முளைக்கவில்லை. நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தட்டுப் போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் அதிலே தேங்கிற்று, காய்ந்தது, உப்பு ஏறிற்று. பிறகு அங்கே ஒரு விதையும் பிழைக்கவில்லை. கிராமத்து ஜனங்கள் விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் காட்டை அழித்துவிட்டார்கள் என்று வெகு நாட்கள் அவர்கள் மீதே பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1990-களில் சுவாமிநாதன் ஸ்தாபனத்தாரும் வனத்துறையாரும் கிராம ஜனங்களும் சேர்ந்து செய்த சிகிச்சை வெகு எளியது. குழிந்த நிலத்தின் நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று. இரு புறமும் மீன் முள்ளைப் போலச் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும். இறங்கும்போது வெளியே போகும். தேங்கிய உப்புக் கரைந்து வெளியேறிற்று. வாய்க்கால் கரைகளில் கண்டல் கன்றுகளை நட்டார்கள். இப்போது எங்கள் தலைக்கு மேல் நிழல் தந்துகொண்டிருந்தவை அந்தக் கன்றுகளே.

2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலூர் ஜில்லாவின் கடற்கரையை ஆராய்ந்து 2005-ம் வருஷம் வெளியான விஞ்ஞானக் கட்டுரையும் இதையே உறுதிப்படுத்திற்று.

தமக்கையார் எங்களைப் பார்த்தார். "மகாமகக் குளத்தில் ஒரு கேள்வி கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இங்கேயும் தண்ணீர் தேங்கினதுதான் வியாதி. மண்ணைக் கொட்டித் தூர்த்தார்களா? போக வர வழி செய்து கொடுத்தார்கள். நம் குட்டைக்குத் தண்ணீர் வரும் வழி எங்கே, போகும் வழி எங்கே என்று யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

நாங்கள் பார்க்கவில்லை. சொல்லப் போனால், முப்பது வருஷமாக அந்த நிலத்துக்கே போகவில்லை.

திரும்பி வரும் ரயிலில் அந்தக் குடும்பத்தின் கதையில் மீதியையும் தமக்கையார் சொன்னார். விவசாயக் கல்லூரிக்குப் போன மகனுடைய மகள் சௌமியா மறுபடியும் வைத்தியத்துக்கே வந்தார். குழந்தை வைத்தியர், சென்னையில் க்ஷயரோக ஆராய்ச்சியில் ஈடுபட்டு, பின்னர் 2019 முதல் 2022 வரை உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர். 2023-ம் வருஷம் தகப்பனார் நிறுவிய ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்றார். அதே வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி சுவாமிநாதன் காலமானார். 2024-ல் பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வந்தபோது அவர் இல்லை. வைத்தியர் ஒருவர் வயல் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்பதில் பொருத்தம் உண்டா என்று கேட்பவர்களுக்கு, தமக்கையார் ஒரு செய்தி சொன்னார். ஜார்க்கண்டில் க்ஷயரோகிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் நல்ல உணவுப் பொருள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் மட்டும் அந்தக் குடும்பங்களில் புதிதாக க்ஷயம் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. 2023-ம் வருஷம் வெளியான முடிவு இது. வைத்தியரின் வழி கடைசியில் வயலுக்கே போய்ச் சேருகிறது.

கும்பகோணம் சேர்ந்ததும் நேரே நிலத்துக்குப் போனோம். குத்தகைக்காரப் பெரியவர் களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். குட்டைக்கு நீர் வரும் வழியைக் காட்டச் சொன்னோம். கோரைப் புல்லை விலக்கிக்கொண்டு அழைத்துப் போனார். பாசன வாய்க்காலிலிருந்து பிரியும் சிறு கன்னி ஒன்று அங்கே இருந்தது. பாதை போட்டபோது கொட்டிய மண் அதன் வாயை அடைத்திருந்தது. வடிகாலும் அப்படியே தூர்ந்து கிடந்தது.

"இது அடைபட்டு எத்தனை நாளாயிற்று, பெரியவரே?"

"பதினைந்து வருஷத்துக்கு மேலேயே இருக்குங்க. அதற்கு முன்னே இதில் மீன் உண்டு. கோடையில் நாற்றங்காலுக்கு இதிலிருந்துதான் இறைப்போம். உங்கள் தகப்பனாரிடம் சொல்லியனுப்பினேன். அவருக்கு அப்போது உடம்பு சரியில்லை. அப்புறம் சொல்வதற்கு யார் வந்தீர்கள்?"

நாங்கள் தலை குனிந்துகொண்டோம்.

2020-ம் வருஷத்தில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட விவசாய மண்டலமாக்கிச் சட்டம் இயற்றினார்கள். புதிய எண்ணெய்க் கிணறுகளும் நச்சுத் தொழிற்சாலைகள் சிலவும் இங்கே வரக் கூடாதென்று அது தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு பாட்டனார் நிலத்தை விற்கும் பேரனின் கையெழுத்தை எந்தச் சட்டம் தடுக்கும்?

மறுநாள் குறைந்திருந்த காகிதம் வந்துவிட்டது. மனை வியாபாரியும் வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இப்போதைக்கு விற்பதில்லை என்று சொல்லி அனுப்பினோம். அந்தப் பணம் வந்திருந்தால் எங்கள் பிள்ளையின் படிப்புக் கடன் தீர்ந்திருக்கும், தீரவில்லை. நாங்கள் ஒன்றும் தியாகிகளாகிவிடவில்லை. எத்தனை வருஷம் உறுதியாக இருப்போம் என்றும் சொல்வதற்கில்லை. ஐந்து வருஷக் குத்தகையைப் பெரியவர் பெயருக்கு எழுத்து மூலமாகக் கொடுத்தோம். சித்திரையில் கன்னி வாய்க்காலையும் வடிகாலையும் வெட்டிவிட, நாலு ஆளுக்குக் கூலி கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்தோம். அவ்வளவே நாங்கள் செய்தது.

ரயிலுக்குப் புறப்படும்போது பெரியவர் ஒரு கூடையில் வெற்றிலையும் வாழைக்காயும் வைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சற்றுத் தயங்கி நின்றார்.

"வாய்க்கால் வெட்டும்போது நீங்கள் யாராவது வந்து பார்ப்பீர்களா, அம்மா?" என்று தமக்கையாரைக் கேட்டார்.

"வருவோம். மருந்து கொடுத்தவர்கள் வந்து பார்க்காமல் இருக்கலாமா?" என்றார் தமக்கையார்.

சித்திரைக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. மூன்று டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.